எக்ஸ்பான்ஷனுக்குக் காசு கொடுக்கலாமா? நீலகிரி மழையை வைத்து ஒரு கணக்கு

2024-இல் மூன்று பெரிய ஆன்லைன் ஆர்பிஜி (ஒரு கேரக்டரை வளர்த்துக்கொண்டே ஆடும்) கேம்கள் எட்டு வாரத்துக்குள் அடுத்தடுத்து எக்ஸ்பான்ஷன், அதாவது காசு கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும் புதிய பகுதி, வெளியிட்டன. ஃபைனல் ஃபேன்டஸி 14-இன் டான்ட்ரெயில் ஜூலை 2-இல் வந்தது. கில்ட் வார்ஸ் 2-இன் ஜான்திர் வைல்ட்ஸ் ஆகஸ்ட் 20, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்டின் தி வார் விதின் ஆகஸ்ட் 26. கூடலூர், பந்தலூர், ஊட்டியின் மேற்குப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு இந்தத் தேதிகளைப் பார்த்ததுமே சிரிப்பு வரும். தென்மேற்குப் பருவமழை ஓங்கி அடிக்கும் வாரங்கள் இவை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்ததும் இதே பருவத்தில்தான். மரம் சாயும், மின்கம்பி அறும், அதே கம்பத்தில் தொங்கும் ஃபைபர் கேபிளும் கூடவே போகும்.

எக்ஸ்பான்ஷன் விலைக்குத் தகுமா என்ற கேள்விக்கு வழக்கமான பதில், விலையை ஆட்ட நேரத்தால் வகுப்பது. மணிக்கு இத்தனை ரூபாய், சினிமா டிக்கெட்டைவிட மலிவு என்று முடித்துவிடுவார்கள். நினைத்த நேரத்தில் லாக் இன் ஆக முடிகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. மலையில் வேறொன்றையும் கேட்க வேண்டும்: காசு கட்டிய பிறகு ஆட முடியாமல் போகும் நாட்கள் யார் தலையில் விழும்? மாதச் சந்தா கேம் என்றால் நம் தலையில். பர்லியாறு பக்கம் மரம் விழுந்து டாக்ஸி நின்றாலும் வெயிட்டிங் சார்ஜ் ஏறிக்கொண்டே இருப்பது போலத்தான் சந்தாவும்.

முதலில் வார்கிராஃப்ட். வெளியானபோது தி வார் விதினின் அடிப்படைப் பதிப்பு 50 டாலர், ஹீரோயிக் 70, எபிக் 90. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் அடிப்படைப் பதிப்பே 4,250 ரூபாய். எபிக் வாங்கியவருக்கு 30 நாள் ஆட்ட நேரமும், மூன்று நாள் முன்கூட்டியே நுழையும் அனுமதியும், அலங்காரப் பொருட்களும் கிடைத்தன. அடிப்படைப் பதிப்பைவிடக் கூடுதலான 40 டாலரில் 30 நாள் நேரத்துக்கு 15 டாலரைக் கழித்தால், மீதி 25 டாலர் மூன்று நாளுக்கும் அலங்காரத்துக்கும். ஆகஸ்ட் கடைசியில் அந்த மூன்று நாளும் கரண்ட் இருக்கும் என்று நம்பி 2,000 ரூபாய்க்கு மேல் கட்டுவதை மலைவாசி யாருக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

ஆனால் வார்கிராஃப்டில் பெரிய செலவு எக்ஸ்பான்ஷன் அல்ல, மாதம் 15 டாலர் சந்தா. ஒரு எக்ஸ்பான்ஷன் ஏறக்குறைய இரண்டு வருடம் ஓடி வந்திருக்கிறது. ஷேடோலேண்ட்ஸ் 2020 நவம்பர், டிராகன்ஃபிளைட் 2022 நவம்பர். விடாமல் 24 மாதம் கட்டினால் சந்தா மட்டும் 360 டாலர், எக்ஸ்பான்ஷனோடு 410. ரூபாயில் 35,000-ஐத் தொடும். சந்தாவுக்குள் பழைய எக்ஸ்பான்ஷன்கள் அடங்கிவிடுவது நல்ல விஷயம். புதியதை மட்டும் தனியாக வாங்கினால் போதும். 20-ஆம் லெவல் வரை இலவசம். டோக்கன் (சந்தாவாக மாற்றிக்கொள்ளும் சீட்டு) வாங்கி விளையாட்டுத் தங்கத்தாலேயே சந்தாவை ஓட்டலாம் என்பார்கள். முடியும்தான். ஆனால் அவ்வளவு தங்கம் சேர்க்க ஆகும் நேரமும் அதே சந்தாவுக்குள்தான் ஓடுகிறது. போதாததற்கு, அடுத்த எக்ஸ்பான்ஷன் வந்த முதல் வாரத்திலேயே, மாதக்கணக்கில் ரெய்டு (குழுவாகப் பெரிய எதிரிகளை வீழ்த்தும் சண்டை) அடித்துச் சேர்த்த ஆயுதம், கவசமெல்லாம் சாதாரண குவெஸ்ட் பரிசுக்குத் தோற்றுவிடும். வாரம் இரண்டு மூன்று இரவு தவறாமல் ரெய்டு வருகிற குழு இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் இந்த விலைக்கு இது நியாயமில்லை.

ஃபைனல் ஃபேன்டஸி 14 வாங்குபவர்களில் பலர் வாங்கும் வரிசையில்தான் ஏமாறுகிறார்கள். டான்ட்ரெயில் 40 டாலர். அதற்குள் ஹெவன்ஸ்வர்டிலிருந்து எண்ட்வாக்கர் வரை முந்தைய எக்ஸ்பான்ஷன்கள் எல்லாம் அடக்கம். தலைப்பைப் பார்த்தால் கொள்ளை லாபம். ஆனால் டான்ட்ரெயில் கதைக்குள் நுழைய முந்தைய கதை முழுவதையும் முடித்திருக்க வேண்டும், அது நூற்றுக்கணக்கான மணி நேர வேலை. ஜாப் என்பது கேரக்டர் ஏற்கும் சண்டைத் தொழில். புதிய ஜாப்களான வைப்பர், பிக்டோமான்சர் இரண்டும் வேறொரு ஜாப் 80-ஆம் லெவலை எட்டிய பிறகுதான் திறக்கும். புதிதாக வருபவர் முதல் நாளே டான்ட்ரெயில் வாங்கினால் அதில் ஒரு சதுர அடிகூடப் பார்க்காமல் பல மாதம் சந்தா கட்டுவார். கதையைத் தாண்டும் பொருளைக் காசுக்கு விற்கிறார்கள். கதைக்காகவே ஆடப்படும் கேமில் அதை வாங்குவது வீண்.

சரியான வழி இலவச டிரையல். அடிப்படைக் கேமும் ஹெவன்ஸ்வர்டும் ஸ்டார்ம்பிளட்டும் அதில் உண்டு, 70-ஆம் லெவல் வரை போகலாம், நாள் கணக்கு கிடையாது. இரண்டு வாரம் கரண்ட் இல்லாவிட்டாலும் ஒரு பைசா நஷ்டமில்லை. கட்டுப்பாடுகள் உண்டு: கையில் 3 லட்சம் கில்லுக்கு (விளையாட்டுப் பணம்) மேல் வைக்க முடியாது, மார்க்கெட் போர்டு (ஆட்டக்காரர்களின் சந்தை) கிடையாது, ஃப்ரீ கம்பெனியில் (ஆட்டக்காரர் சங்கம்) சேர முடியாது, பார்ட்டியை நீங்களாக ஆரம்பிக்க முடியாது, யாராவது அழைத்தால் சேரலாம். தனியாகக் கதை ஆடுபவருக்கு இதில் எதுவும் தடையில்லை. மூன்று பாகத்துக்கான பொருள் இலவசமாகக் கிடைப்பது சாதாரண விஷயமல்ல.

ஒருமுறை காசு கொடுத்துப் பதிவு செய்துவிட்டால் அந்தக் கணக்கு மறுபடி டிரையலுக்குத் திரும்பாது. அதனால் ஸ்டார்ம்பிளட் கதை முடிவதற்கு முன் கடைப் பக்கமே போக வேண்டாம். அடுத்து, ஸ்டீமில் (கணினி கேம் விற்கும் தளம்) அடிப்படைக் கேம் வாங்கினால் எக்ஸ்பான்ஷனும் ஸ்டீமில்தான் வாங்க வேண்டும். கேமை வெளியிடும் ஸ்கொயர் எனிக்ஸின் சொந்தக் கடையில் வாங்கிய கணக்குக்கு ஸ்டீம் தள்ளுபடி செல்லாது. எங்கே மலிவு என்று பார்க்காமல் முதலில் எங்கே ஆரம்பிக்கப் போகிறோம் என்று பார்க்க வேண்டும். கேமுக்குள் வீடு வாங்கும் ஆசை இருந்தால் இதையும் கணக்கில் வையுங்கள்: 45 நாள் உள்ளே போகாவிட்டால் வீடு இடிக்கப்படும். மழைக்காலத்தில் சந்தாவை நிறுத்தி வைக்க நினைப்பவருக்கு அந்த வீடு கழுத்தில் கட்டிய கல்.

சந்தாவில் 13 டாலர் என்ட்ரி வகை போதும். ஒரு வேர்ல்டுக்கு (சர்வருக்கு) ஒரு கேரக்டர், எல்லா ஜாப்பும் அந்த ஒரே கேரக்டரில் ஆடலாம் என்பதால் 15 டாலர் வகைக்குத் தேவையே எழாது. டான்ட்ரெயில் கிராஃபிக்ஸை மாற்றியிருக்கிறது, பழைய லேப்டாப் திணறும். காசு கொடுப்பதற்கு முன் கணினி தாங்குமா என்று சோதிக்கும் இலவச பெஞ்ச்மார்க்கை இறக்கி ஓட்டிப் பாருங்கள்.

இந்தியாவில் சர்வர் இல்லை. மலையிலிருந்து ஐரோப்பாவுக்கோ ஜப்பானுக்கோ 150 முதல் 200 மில்லிசெகண்ட் பிங் (தகவல் சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) சாதாரணம். இந்த கேமில் ஒவ்வொரு ஸ்கில்லும் ஏறத்தாழ 0.6 விநாடி கையைக் கட்டிப் போடும், பிங் அதற்கு மேல் கூடும். பிங் 200 என்றால் ஒரு ஸ்கில்லுக்கு 0.8 விநாடி. 2.5 விநாடிச் சுற்றில் ஒரு முக்கிய அடியும் இடையில் இரண்டு சிறு ஸ்கில்லும் 2.4-இல் மயிரிழையில் அடங்கும். மெஷினிஸ்ட் என்ற ஜாப்பின் ஹைப்பர்சார்ஜ் என்ற வேக நிலையில் சுற்று 1.5 விநாடிதான்; ஒரு அடியும் ஒரு சிறு ஸ்கில்லும் சேர்ந்தாலே 1.6 ஆகி அடுத்த அடி தள்ளிப்போகும். சர்வரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஜாப்பை மாற்றுங்கள். பிக்டோமான்சர் போல நீண்ட காஸ்ட் (மந்திரம் ஏவும் நேரம்) உள்ளவை மலைக்கு ஒத்துவரும்.

கில்ட் வார்ஸ் 2-க்குச் சந்தாவே கிடையாது, அதனால் மலைக்கு இதுதான் நம் முதல் தேர்வு. 2012-இல் வந்த அடிப்படைக் கேம் 2015-லிருந்து இலவசம். ஜான்திர் வைல்ட்ஸ் 25 டாலர், சுமார் 2,100 ரூபாய். ஒருமுறை கட்டினால் போதும், அந்தப் பகுதியை ஆறு மாதம் கழித்து வந்தும் ஆடலாம். லெவல் உச்சம் தொடக்கத்திலிருந்து 80 தான். ஐந்து வருடத்துக்கு முன் செய்த அசெண்டட் என்ற மேல்தரக் கவசம் இன்றைய எக்ஸ்பான்ஷனிலும் எடுபடும். ஒரு கேம் எவ்வளவு நியாயமானது என்பதை, ஓய்வெடுத்துவிட்டுத் திரும்பி வருகிறவரை அது எப்படி நடத்துகிறது என்பதில் பார்க்கலாம். அதில் இதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஆனால் எல்லா எக்ஸ்பான்ஷனும் ஒரே தரமல்ல. 2017-இன் பாத் ஆஃப் ஃபயர் ஐந்து பெரிய மேப், ஒன்பது எலீட் ஸ்பெஷலைசேஷன் (கேரக்டருக்கான புதிய சண்டைப் பாணி), சவாரி மவுண்ட்கள் என்று ஒரே நாளில் இறங்கியது. ராப்டர் என்ற மவுண்ட் முதல் அத்தியாயத்திலேயே கிடைக்கும், பழைய மேப்களிலும் ஓடும், அதனால் வாங்கிய காசு கேம் முழுவதும் வேலை செய்கிறது. 2015-இன் ஹார்ட் ஆஃப் தார்ன்ஸ் தரும் கிளைடிங்கும் (காற்றில் மிதந்து செல்வது) அப்படியே. இரண்டும் சேர்ந்த கட்டு 30 டாலர், தள்ளுபடியில் பாதிக்கும் வந்திருக்கிறது. காசுக்கு மிகுதியாகக் கிடைக்கும் கட்டு இதுதான்.

2023-இன் சீக்ரெட்ஸ் ஆஃப் தி அப்ஸ்கியூரிலிருந்து வழி மாறிவிட்டது. விலை 25 ஆகக் குறைந்தது, பொருளும் குறைந்தது. வெளியான அன்று இரண்டு மேப், மீதி அடுத்த ஒரு வருடத்தில் தவணையாக. எலீட் ஸ்பெஷலைசேஷன் ஒன்றும் இல்லை. ஜான்திர் வைல்ட்ஸும் அதே தவணை முறை; ஈட்டி ஆயுதமும் சொந்த வீடும் புதிது. இந்த வீட்டை யாரும் இடிக்க மாட்டார்கள். தவணையில் வரும் பொருளை முதல் நாளே முழு விலைக்கு வாங்க என்ன அவசரம்? வருடம் முடிந்து எல்லாத் தவணையும் சேர்ந்த பிறகு, தள்ளுபடி வரும்போது, குறைந்த காசுக்கு முழுசாக எடுங்கள்.

பெட்டியில் தெரியாத செலவு லிவிங் வேர்ல்ட். எக்ஸ்பான்ஷன்களுக்கு நடுவில் வந்த கதை அத்தியாயங்கள் அவை. வெளியான காலத்தில் ஒருமுறை லாக் இன் ஆனவருக்கு இலவசமாகச் சேர்ந்துவிட்டன, தவறவிட்டவர் ஜெம் (காசுக்கு விற்கும் விளையாட்டு நாணயம்) கொடுத்து வாங்க வேண்டும். 800 ஜெம் 10 டாலர். பாத் ஆஃப் ஃபயரை முடித்துவிட்டு நேரே அடுத்த எக்ஸ்பான்ஷனான எண்ட் ஆஃப் டிராகன்ஸ் போனால் நடுவில் இரண்டு பருவக் கதை காணாமல் போயிருக்கும், யார் இவர்கள் என்றே புரியாது. விளையாட்டுத் தங்கத்தை ஜெம்மாக மாற்றி வாங்கலாம். பொறுமை இருந்தால் அதுவே நல்ல வழி. ஸ்டீம் விஷயத்தில் இங்கும் ஒரு முள்: கேமை உருவாக்கிய அரீனாநெட்டில் நேரடியாகத் தொடங்கிய பழைய கணக்கை ஸ்டீமோடு இணைக்க முடியாது.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. 2017-இன் மாரோவிண்ட் முதல் 2024-இன் கோல்ட் ரோடு வரை வருடத்துக்கு ஒரு சாப்டர் (எக்ஸ்பான்ஷனுக்கு இங்கே அதுதான் பெயர்) வந்தது, புதிதாக வந்தபோது விலை 40 டாலர். பழையவை ஈஎஸ்ஓ பிளஸ் சந்தாவுக்குள் வந்துவிடும். பனியும் வெயிலுமாக மழையில்லாத ஜனவரி, பிப்ரவரியில் இரண்டு மாதம் பிளஸ் கட்டி நான்கைந்து பழைய சாப்டரை ஆடித் தீர்ப்பது, புதியதை வாங்குவதைவிட எவ்வளவோ மேல். சந்தா நின்றதும் அந்தப் பகுதிகள் பூட்டிக்கொள்ளும். சந்தாவோடு வரும் கிராஃப்ட் பையில் (மூலப்பொருள் வைக்கும் பை) உள்ளதை வெளியே எடுக்கலாம், புதிதாகப் போட முடியாது.

டெஸ்டினி 2 என்ற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். 2020 நவம்பரில், காசு கொடுத்து வாங்கிய பழைய கதைப் பகுதிகளையே கேமிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2022-இல் ஃபார்சேக்கன் எக்ஸ்பான்ஷனின் கதையும் போனது. வாங்கியது நம்மிடம் நிலைக்குமா என்று தெரியாதபோது தள்ளுபடி எத்தனை சதவீதம் என்று பார்ப்பது வேலையற்ற வேலை.

இனி இணைப்பு. டான்ட்ரெயிலுக்கு 140 ஜிபி இடமும் வார்கிராஃப்டுக்கு 128 ஜிபி எஸ்எஸ்டியும் கேட்கிறார்கள். 100 ஜிபியை 40 எம்பிபிஎஸ் ஃபைபரில் இறக்க ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாளுக்கு 2 ஜிபி செல் பிளானில் 50 நாள், அதாவது சந்தா கட்டிவிட்டு இறக்க ஆரம்பித்தால், முடிப்பதற்குள் ஒன்றரை மாதத்துக்கு மேல் சந்தா காலி. ஃபைபர் இல்லாத வீட்டில் எந்த எக்ஸ்பான்ஷனும் லாபமில்லை. ஆடும்போது செலவாகும் டேட்டா மிகக் குறைவு, அதனால் ஃபைபர் அறுந்தால் செல் ஹாட்ஸ்பாட்டில் ஆட்டத்தைத் தொடரலாம். அந்த இணைப்பை விண்டோஸில் மீட்டர்ட் (டேட்டா அளவுள்ளது) என்று குறித்து வையுங்கள், ஸ்டீமின் தானியங்கி அப்டேட்டையும் நிறுத்துங்கள். இல்லையென்றால் ஒரு பேட்ச் அன்றைய டேட்டாவை விழுங்கிவிடும். மே மாத சீசனில் ஊட்டி, கொடைக்கானல் டவர்கள் சுற்றுலாக் கூட்டத்தில் திணறும். அப்போது ஹாட்ஸ்பாட்டை நம்பி டன்ஜனுக்குள் (குழுவாகப் போகும் சண்டைப் பகுதி) போனால் கூட வருபவர்களுக்குத்தான் பாவம்.

ரவுட்டருக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் போடுங்கள். கரண்ட் போய், லேப்டாப் பேட்டரியில் ஓடும்போது ரவுட்டர் அணைவதுதான் டிஸ்கனெக்டுக்கு முதல் காரணம். வைஃபையை விட்டு லேன் கேபிளுக்கு மாறினால் பிங் பெரிதாகக் குறையாது, ஆனால் அதன் துள்ளல் (ஏற்ற இறக்கம்) அடங்கும்.

கூடலூர் பக்கம் என்றால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், குன்னூர், கோத்தகிரி என்றால் வடகிழக்குப் பருவமழை அடிக்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் சந்தா ஆரம்பிக்காதீர்கள். கட்டும்போது ஒரு மாதம் மட்டும் கட்டுங்கள், மூன்று மாதக் கட்டில் கிடைக்கும் சில்லறைத் தள்ளுபடி சில நாள் மின்தடையில் கரைந்துவிடும். கட்டிய அன்றே தானியங்கிப் புதுப்பிப்பை ரத்து செய்தாலும் கட்டிய நாட்கள் மிச்சமிருக்கும் வரை ஆடலாம். 2021 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிக்குப் பிறகு வெளிநாட்டுத் தளங்களில் நம் கார்டின் தானியங்கிக் கட்டணம் அடிக்கடி தோற்பதால் எப்படியும் மாதாமாதம் கையால் கட்டத்தான் நேரும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வங்கி மாற்றுக் கட்டணமும் சேரும். ஸ்டீமில் யுபிஐ செல்லும், அங்கே இந்தத் தொல்லை இல்லை. எக்ஸ்பான்ஷன் பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள், வாங்கிய பிறகு மூலக் கேமை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அதற்காக, வாங்கிய அன்றிரவு கேரக்டர் உருவத்தைச் செதுக்குவதிலேயே அந்த இரண்டு மணி நேரத்தைக் கரைத்துவிட வேண்டாம்.