வீட்டுக் கணினியில் விபிஎன்: விண்டோஸில் இருப்பதே போதுமா, ஓபன்விபிஎன்னா, வயர்கார்டா?

பட்டர்வொர்த்தில் இருக்கும் அக்கா, கோலாலம்பூர் அலுவலகம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறார். அந்த அலுவலக சர்வரைப் பார்த்துக்கொள்வது நான். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது அவசர அவசரமாக ஒரு விபிஎன், அதாவது வீட்டிலிருந்தே அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய இணையம் வழியே ஒரு மறைகுறியாக்கப்பட்ட பாதை, போட்டுக்கொடுத்தேன். அதற்குப் பிறகு மூன்று வழிகளையும் அவர் கணினியிலேயே போட்டுப் பார்த்தாயிற்று.

காசில்லாமல் கிடைக்கும் விபிஎன் ஆப்களை இங்கே சேர்க்கவில்லை. அவை யாரோ ஒருவரின் சர்வர் வழியாக உங்களை இணையத்துக்கு அனுப்பும். அலுவலகக் கோப்புகளிடம் கொண்டுபோய்ச் சேர்க்காது.

விண்டோஸிலேயே இருக்கும் விபிஎன்னில் எதையும் புதிதாக இறக்க வேண்டாம். செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போய், சர்வர் முகவரி, பெயர், கடவுச்சொல் கொடுத்தால் முடிந்தது. வகை கேட்கும் இடத்தில்தான் கவனம் வேண்டும். பிபிடிபி என்ற பழைய விபிஎன் வகை இன்னும் பட்டியலில் இருக்கிறது; அதைத் தொடவே தொடாதீர்கள். அதன் கடவுச்சொல் சரிபார்ப்பை உடைத்துவிடலாம் என்று 2012இலேயே காட்டிவிட்டார்கள். நான் எல்2டிபி என்ற இன்னொரு வகையைப் போட்டேன்; அதில் இணைய முடியாவிட்டால் 809 என்ற பிழை எண் வரும். "தம்பி, மறுபடியும் 809னு வருதுப்பா" என்று அக்கா காலை எட்டு மணிக்கே அழைப்பார். எங்கள் சர்வர் ரவுட்டருக்குப் பின்னால் இருந்ததுதான் காரணம். விண்டோஸ் அப்படிப்பட்ட சர்வரோடு எல்2டிபியில் தானாகப் பேசாது. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) அதற்கென்று உள்ள ஒரு மதிப்பை 2 என்று வைத்து, கணினியை மறுபடி தொடக்கினால்தான் இணையும். அதைத் தொலைபேசியில் சொல்லிப் புரியவைப்பதற்குள் பாதி நாள் போய்விட்டது. அலுவலகத்தில் ஐகேஇவி2 என்ற புதிய வகையை ஒழுங்காக அமைத்திருந்தால் இந்தத் தொல்லை இல்லை. அப்போது விண்டோஸில் இருப்பதே நல்ல தேர்வு.

ஓபன்விபிஎன் 2001இலிருந்து இருக்கிறது. தனி மென்பொருளை நிறுவி, அலுவலகம் தரும் கோப்பை அதற்குள் ஏற்ற வேண்டும். இதன் பலம் ஒன்று, அது பெரிய பலம்: டிசிபி 443 வழியாகவும் ஓடும் (டிசிபி, யுடிபி இரண்டும் இணையத்தில் தரவு போகும் முறைகள்; 443 என்பது வாசல் எண்). பாதுகாப்பான வலைத்தளங்கள் போகும் வாசலும் அதுவே என்பதால், மற்றதையெல்லாம் அடைத்துவைக்கும் ஹோட்டல் வைஃபையிலும் பெரும்பாலும் நுழைந்துவிடும். வேகம் குறையும். அடையாளம் காட்ட அந்தக் கோப்பில் இருக்கும் டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியானால் ஒருநாள் சட்டென்று நின்றுவிடும், அதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது அக்கா வீட்டில் ஓடுவது வயர்கார்டு. 2020 மார்ச்சில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னல் 5.6இல் சேர்ந்தது, மூல நிரல் ஏறத்தாழ 4,000 வரிதான். பெயரும் கிடையாது, கடவுச்சொல்லும் கிடையாது. இரண்டு பக்கமும் ஒரு டிஜிட்டல் சாவி ஜோடி, அவ்வளவுதான். அக்காவின் சாவி இருக்கும் கோப்பு கிடைத்தவர் உள்ளே வந்துவிடலாம், அதனால் வாட்ஸ்அப்பில் அனுப்பாமல் கையோடு கொண்டுபோய்ப் போட்டேன். ஒரு மாலை இடி மழையில் வீட்டு இணையம் போனது. அக்கா கைப்பேசி ஹாட்ஸ்பாட்டுக்கு மாறினார். திறந்திருந்த எக்செல் தாள் சில நொடி நின்றது, அப்புறம் தானாகவே ஓடத் தொடங்கியது. அந்த ஒன்றுக்காகவே வீட்டுக் கணினிக்கு இதைத்தான் சொல்வேன். யுடிபியில் மட்டுமே ஓடும் என்பது இதன் குறை. யுடிபியை அடைக்கும் இடங்களுக்கு அடிக்கடி போகிறவர் ஓபன்விபிஎன்னை விடக்கூடாது.

வயர்கார்டு கோப்பில் 'அலவ்டு ஐபிஸ்' என்ற வரியை ஒருமுறை பாருங்கள். எந்த முகவரிகளுக்கான போக்குவரத்து விபிஎன் வழியே போக வேண்டும் என்பதை அது சொல்லும். அங்கே 0.0.0.0/0 (எல்லா முகவரிகளும்) என்று இருந்தால் பிள்ளைகள் அதே கணினியில் பார்க்கும் யூடியூப்கூட அலுவலகத்தைச் சுற்றித்தான் வரும். கூடவே, வயர்கார்டு ஆப்பில் விபிஎன் அல்லாத மற்ற வழியை அடைக்கும் கட்டத்தில் டிக் இருந்தால் வீட்டுப் பிரிண்டரும் வேலை செய்யாது. அந்த வரியில் அலுவலக ஐபி முகவரி வரிசையை மட்டும் எழுதினால் இரண்டும் சரியாகிவிடும்.

மூன்றில் எதைப் போட்டாலும் ஒரு சிக்கல் பொது. வீட்டிலும் அலுவலகத்திலும் ஐபி முகவரிகள் 192.168.1 வரிசையிலேயே இருந்தால், கணினி அலுவலக சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடும். விபிஎன் இணைந்துவிட்டதாகக் காட்டும், கோப்புகள் மட்டும் திறக்காது. 2020இலேயே அக்கா வீட்டு ரவுட்டரை 192.168.50 வரிசைக்கு மாற்றிவிட்டேன். பிரிண்டரை மட்டும் மறுபடி சேர்க்க வேண்டியிருந்தது, பத்து நிமிட வேலை.