நான்கு வருடம் சுமந்த பையும் கைக்கு எட்டாத பாட்டிலும்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க ஒரு பையைத் தைத்துக்கொண்டிருந்தேன். என் மலையேற்றப் பையின் இடுப்புப் பட்டை, இடது பக்கம் உடலோடு சேரும் இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் தையல் விட்டுப்போயிருந்தது. துணி கிழியவில்லை, நூல்தான் தேய்ந்து அறுந்திருந்தது. கனமான நைலான் நூலும் தடித்த ஊசியும் எடுத்துக்கொண்டு, பழைய ஓட்டைகளிலேயே ஒவ்வொன்றாக ஊசியை நுழைத்து இழுத்தேன். நாலு அடுக்குத் துணி, நடுவில் ஸ்பாஞ்ச். கட்டைவிரல் சிவந்துவிட்டது.

பாதி தைத்திருக்கும்போது நண்பனிடமிருந்து செய்தி வந்தது. முதன்முறையாக ஐந்து நாள் நடைக்குத் தயாராகிறான். "நீ வச்சிருக்கிற அதே பையை வாங்கிடவாடா? இப்ப விலை குறைஞ்சிருக்கு." ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம், முடியவில்லை. நான்கு வருடம், பதினொரு பயணம், அதில் நீளமானது ஏழு நாள். இவ்வளவு பழகிய பொருளைப் பற்றி ஆமாம், இல்லை என்று சொல்வது கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் கோபம் வரப்போகிறது.

இந்தப் பை என் முதுகில் உட்காருவதுபோல வேறெந்தப் பையும் உட்கார்ந்ததில்லை. பன்னிரண்டு கிலோ ஏற்றி, இடுப்புப் பட்டையை இறுக்கி, தோள் வார்களைக் கொஞ்சம் தளர்த்தினால் தோளில் பாரமே தெரியாது. எடையின் பெரும்பகுதி இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கு இறங்கிவிடும். முன்பு வைத்திருந்த பையில் இரண்டாம் நாள் மாலையே தோளில் இரண்டு பக்கமும் சிவந்த கோடு விழும். இதில் ஏழாம் நாளும் விழவில்லை. உள்ளே மெல்லிய அலுமினியக் கம்பி ஒன்று வளைந்து ஓடுகிறது, அதுதான் பாரத்தை இடுப்புக்குக் கடத்துகிறது. எடையைக் குறைக்கிறோம் என்று அந்தக் கம்பியையும் எடுத்துவிட்ட பைகள் உண்டு. ஏழெட்டு கிலோவுக்குள் எல்லாவற்றையும் அடக்கத் தெரிந்தவர்களுக்கு அவை சரி. பன்னிரண்டு கிலோவோடு அதைப் போட்டால் பை முதுகில் சுருண்டு, மொத்த எடையும் தோளுக்கு வந்துவிடும்.

இந்தப் பொருத்தம் தற்செயலாக வரவில்லை. பையின் அளவு என்றால் எல்லோரும் லிட்டரைப் பார்ப்பார்கள். நான் முதலில் என் முதுகை அளந்தேன். தலையைக் குனிந்தால் கழுத்தின் அடியில் ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நிற்கும், அங்கிருந்து கீழே. இரண்டு கையையும் இடுப்பில் வைத்தால் கட்டைவிரல்கள் முதுகில் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதுவரை. எனக்கு 45 சென்டிமீட்டர் வந்தது. உயரத்தை வைத்து இதைக் கணிக்க முடியாது. என் தம்பி என்னைவிட ஒரு சாண் குள்ளம், ஆனால் அவனுக்கும் அதே 45. எனக்குக் கால் நீளம், அவனுக்கு அவன் உயரத்துக்கு முதுகு நீளம். இருவரும் ஒரே பையை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறோம், இருவருக்கும் அச்சாகப் பொருந்துகிறது.

துணியைப் பற்றியும் புகார் இல்லை. உடல் பகுதி 100 டெனியர் நைலான், அடிப்பகுதி 210. டெனியர் என்பது 9,000 மீட்டர் நூலின் கிராம் எடை, எண் கூடக் கூட நூல் தடிமன். வாங்கும்போது 100 என்றதும் பயந்தேன். பாறையில் தேய்த்திருக்கிறேன், முள்புதரில் இழுத்திருக்கிறேன், ஈர மண்ணில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறேன். கோடு கோடாகக் கீறல் உண்டு, ஓட்டை ஒன்றுகூட இல்லை. மழைக்கு மட்டும் பையோடு வந்த உறையை நம்ப வேண்டாம். முதுகுப் பக்கம் உறை மூடாது, நாள் முழுக்க மழை பெய்தால் வார் வழியாகவும் முதுகு வழியாகவும் தண்ணீர் உள்ளே இறங்கும். கெட்டியான பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றைப் பைக்குள் விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, வாயைச் சுருட்டிவிடுங்கள். எந்தப் பை வாங்கினாலும் இது பொருந்தும்.

சரி, இனி பாட்டிலுக்கு வருகிறேன்.

இந்தப் பையில் இரண்டு பக்கமும் வலைத்துணிப் பாக்கெட் இருக்கிறது. உயரமானது, நேராக மேல்நோக்கித் திறப்பது. பையைப் போட்டுக்கொண்டு, வலது கையைப் பின்னால் கொண்டுபோய், முழங்கையை வெளியே மடக்கி, விரல் நுனியால் தடவினால் பாட்டிலின் மூடி தட்டுப்படும். இரண்டு விரலுக்கு நடுவே மூடியைப் பிடித்து, தோள் மூட்டு வலிக்க வலிக்க மேலே இழுத்தால், அதிர்ஷ்டம் இருந்தால் வரும். குடித்த பிறகு திரும்ப வைக்க முடியாது. எத்தனை முறை முயன்றாலும் முடியாது. பாட்டிலின் அடிப்பகுதி பாக்கெட்டின் வாயைத் தேடி விளிம்பில் முட்டும், வலை உள்பக்கம் மடங்கும், பையை இறுக்கக் குறுக்கே ஓடும் வார், அதாவது இழுவார், வழியை மறிக்கும். ஒரு கட்டத்தில் கை மரத்துப்போய்விடும்.

இதை நான் முதல் மூன்று பயணம் கவனிக்கவே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆற்றாமையாக இருக்கிறது. காரணம் தம்பி. அவன் எப்போதும் எனக்குப் பின்னால்தான் நடப்பான். "தண்ணி" என்று சொன்னால் போதும், பாட்டில் தோளுக்கு மேல் வரும். குடித்துவிட்டுப் பின்னால் நீட்டினால் அவனே சொருகிவிடுவான். அவனுக்கு வேண்டுமானால் நின்று, நான் எடுத்துக் கொடுப்பேன். இதை ஒரு வேலையாகவே இருவரும் நினைத்ததில்லை.

நாலாவது பயணத்துக்கு அவனால் வர முடியவில்லை. தனியாகப் போனேன். இரண்டாம் நாள் நிழலே இல்லாத மேட்டுப் பாதை, காலையில் நிரப்பினால் அடுத்த தண்ணீர் மாலையில் தங்குமிடத்து ஓடையில்தான். இரண்டு பாட்டிலில் இரண்டு லிட்டர் நிரப்பிக்கொண்டேன். முதல் முறை தாகம் எடுத்தபோது பையைக் கழற்றினேன். நெஞ்சுப் பக்கிள், இடுப்புப் பக்கிள், ஒரு தோளை உருவி, முழங்காலில் தாங்கி, கீழே வைக்க வேண்டும். குடித்துவிட்டு அதே வரிசையைத் திருப்பிச் செய்ய வேண்டும். பன்னிரண்டு கிலோவைத் தொடைக்குத் தூக்கி முதுகுக்கு வீசுவது ஒருமுறை பரவாயில்லை, பத்து முறை முடியாது. அதுவும் ஒரு பக்கம் சரிவாக இருக்கிற பாதையில் பையை வைக்கவே இடம் இல்லை. அடுத்த வளைவில் குடிக்கலாம், அந்தப் பாறை வந்ததும் குடிக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். மதியம் இரண்டு மணிக்குத் தலைவலி ஆரம்பித்தது. மூன்றரைக்கு வாய் காய்ந்து, கல்லைப் பார்த்துக் கால் வைக்கவே நிதானம் இல்லாமல் போனது. சமதளமான இடத்தில் உருண்டு விழுந்தேன், நல்லவேளையாக முழங்கை மட்டும் சிராய்த்தது.

மாலை ஓடைக்கு வந்து பையை இறக்கியபோது ஒரு பாட்டிலின் மூடிகூடத் திறக்கப்படவில்லை. மற்றதில் பாதிக்கு மேல் இருந்தது. ஒன்றரை லிட்டர், அதாவது ஒன்றரை கிலோ தண்ணீரை நாள் முழுக்கச் சுமந்துகொண்டு தாகத்தோடு நடந்திருக்கிறேன்.

அன்று இரவு கூடாரத்துக்குள் படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். பழைய பை 2.4 கிலோ. இது 1.1 கிலோ. இந்த 1.3 கிலோவைக் குறைப்பதற்காகத்தான் மூன்று மாதம் தேடி இந்தப் பையை வாங்கினேன். மிச்சம் பிடித்த அத்தனை எடையும் நான் குடிக்காத தண்ணீருக்கே போயிருக்கிறது. பழைய பையில் பாக்கெட் தாழ்வாக, முன்பக்கம் சாய்ந்து இருந்தது. நடந்துகொண்டே எடுத்து, நடந்துகொண்டே வைப்பேன். அதன் அருமை அப்போது தெரியவில்லை.

ஏன் இப்படித் தைக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன், நியாயம் இல்லாமல் இல்லை. பாக்கெட் உயரமாக இருந்தால் குனியும்போது பாட்டில் விழாது. கூடாரக் கம்பியைச் சொருகலாம். இழுவாரைக் குறுக்கே விட்டால் பாதி காலியான பையை இறுக்கிச் சின்னதாக்கலாம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரிதான். ஆனால் பையின் உள்பக்கம் முழுதாக நிரம்பும்போது பக்கச் சுவர் வெளியே உப்பி, பாக்கெட்டுக்கான இடத்தைத் தின்றுவிடுகிறது. வலை டிரம் தோல்போல இறுகிவிடுகிறது. பை காலியாக இருக்கும்போது இந்தக் குறை வெளியே தெரியாது. கடையில் நான் போட்டுப் பார்த்தபோது அடியில் ஒரு மணல் மூட்டையை வைத்து எடை கூட்டிக் கொடுத்தார்கள். எடை இருந்தது, பருமன் இல்லை. பக்கச் சுவர் தளர்ந்து கிடந்தது. பாட்டிலை எடுத்தும் பார்த்தேன், சுலபமாக வந்தது!

அதற்குப் பிறகு நான் செய்யாத வைத்தியம் இல்லை. உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பையை உள்ளே வைத்துப் பார்த்தேன். குடிக்க அருமை. ஆனால் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாது, நடுவழியில் நிரப்ப வேண்டுமானால் பாதிப் பொருளை வெளியே எடுக்க வேண்டும். தோள் வாரில் எலாஸ்டிக் வளையம் மாட்டி அரை லிட்டர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். கைக்கு வந்தது, உண்மைதான். இறக்கத்தில் நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது, கால் வைக்கும் இடத்தையும் மறைத்தது, ஒரு பக்கத் தோளை மட்டும் இழுத்தது. இரண்டு தோளுக்கும் சமமாக இருந்த அந்த அருமையான பொருத்தம் கெட்டுப்போனது. அப்புறம் ஒல்லியான உயரப் பாட்டில். கழுத்து பாக்கெட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்பதால் எடுப்பது சுலபம், வைப்பது அதே பாடு. கயிறு கட்டக் குனிந்தபோது அது சரிந்து பள்ளத்தில் உருண்டே போய்விட்டது. இப்போது தனியாகப் போனால் குழாயும் ஒரு பாட்டிலுமாகச் சமாளிக்கிறேன். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை கடிகாரம் கூப்பிடும், நின்று குடிப்பேன்.

எம்மா கேட்வுட் என்ற பெண்மணி 1955-இல், 67 வயதில், அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார், 3,000 கிலோமீட்டருக்கு மேல். அவரே தைத்த ஜீன்ஸ் துணிப் பை ஒன்றை ஒரு தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். இடுப்புப் பட்டை இல்லை, கம்பி இல்லை. முதுகுக்கு அது நல்ல பை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் ஒரு தோளில் தொங்கும் பையை முன்னால் இழுத்தால் உள்ளே இருப்பது எதுவும் கைக்கு வரும். தனியாக நடப்பவருக்கு அது எவ்வளவு பெரிய வசதி என்று அந்த மேட்டுப் பாதைக்குப் பிறகு எனக்குப் புரிகிறது.

நண்பனுக்கு எழுதிய பதில் இதுதான். வாங்காதே. நீ தனியாகப் போகிறாய். கூடாரம், உறங்கும் பை, உடைகள் எல்லாவற்றையும் முதலில் சேர்த்துவிட்டு, அவற்றின் பருமனும் எடையும் தெரிந்த பிறகு, பையைக் கடைசியாக வாங்கு. உன் பொருட்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்க் கடையில் வைத்தே பையை நிரப்பு. நிறைந்த ஒரு லிட்டர் பாட்டிலைப் பக்கத்தில் சொருகு. பட்டைகளை இறுக்கிக்கொண்டு நட. நடந்தபடியே பாட்டிலை எடு, திரும்ப வை. பத்து முறை செய். எடுப்பதைப் பார்த்து ஏமாறாதே, வைக்க முடிகிறதா என்று பார். முடியாவிட்டால் அது எவ்வளவு லேசான பையாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடு.

மதிப்பெண் கேட்டான். ஐந்துக்கு இரண்டு என்றேன். முதுகுக்கு ஐந்து, துணிக்கு நாலரை என்று கொடுத்திருக்கிற ஆள் மொத்தத்துக்கு இரண்டு கொடுப்பது சரியில்லை என்று எனக்கும் தெரிகிறது. ஆனாலும் அந்த மேட்டுப் பாதையை நினைத்தால் மூன்று போடக் கை வரவில்லை.

"அப்ப ஏன்டா அதை உட்கார்ந்து தைச்சிட்டிருக்கே?" என்று கேட்டான்.

அடுத்த மாதம் ஆறு நாள் நடை இருக்கிறது. தம்பி வருகிறான். தையலை முடித்துவிட்டுப் பையில் பதினைந்து கிலோ ஏற்றி, தைத்த இடம் சுமையைத் தாங்குகிறதா என்று இடுப்புப் பட்டையை மட்டும் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். நூல் அசையவில்லை.