காபரேட்டர் ரியூனிங், புது ரயர்: மட்டக்களப்பில் பைக் வைத்திருப்போர் கவனத்துக்கு

மட்டக்களப்பு நகரில் ஒரு கராஜில் பழைய பல்சர் 150 ஒன்றுக்கு நடந்த வேலை இது. வண்டி ஐடிலில் (அக்சிலேற்றர் கொடுக்காமல் ஓடும் நிலையில்) நிற்காது, அக்சிலேற்றரை விட்டாலும் றேஸ் (இன்ஜின் வேகம்) உடனே இறங்காது. பெற்றோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு விடும் காபரேட்டர் போய்விட்டது என்று சொல்லி, அதன் உள்சாமான் கிட் மாற்றி, ரியூன் பண்ணி, பின் ரயரும் புதிதாகப் போட்டு பில் நீட்டியிருக்கிறார்கள்.

உண்மையான பழுது, காபரேட்டரை இன்ஜினோடு சேர்க்கும் மெனிபோல்ட் ரப்பரில் இருந்த வெடிப்பு. அதற்குள்ளால் வெளிக்காற்று போய்க் கலவை மெலிந்திருக்கிறது, அதாவது காற்றுக்குப் பெற்றோல் போதவில்லை. ரப்பரைத் தொடவேயில்லை. கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்குறூவை அளவுக்கு மீறித் திறந்து, ஐடிலையும் கூட்டிப் பழுதை மூடிவிட்டார்கள். இப்போது இரண்டு பிளக்கிலும் கறுப்புக் கரி, சைலன்சரில் பெற்றோல் மணம். பிளக் நுனி செங்கல் நிறத்தில் இருக்கவேண்டும். வெளுத்திருந்தால் பெற்றோல் போதவில்லை.

ரப்பரைச் சோதிப்பது சின்ன வேலை. இன்ஜின் சூடேற முன், வெட்டவெளியில், ஓடும்போதே ரப்பரைச் சுற்றிக் கொஞ்சம் காப் கிளீனர் (காபரேட்டர் கழுவும் ஸ்பிரே) அடியுங்கள். றேஸ் மாறினால் காற்று அங்கேதான் போகிறது.

இன்னொரு அநியாயம், பைலட் ஜெட்டை, அதாவது ஐடிலுக்குப் பெற்றோல் விடும் சின்னத் துளையுள்ள பித்தளைத் துண்டை, கம்பியால் குத்தியது. பித்தளை மென்மையானது, துளை ஒருமுறை பெருத்தால் பிறகு எந்த ரியூனிங்கும் சரிவராது. ஊறவைத்துக் காற்றடித்தால் போதும். பல்சர் மாதிரி வண்டிகளில் மேல்மூடிக்குள் இருக்கும் டயபிரம் ரப்பரைக் கழற்றாமல் கிளீனர் அடித்தாலும் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும்.

சரியான முறை இதுதான்: பத்து நிமிடம் ஓடி இன்ஜினைச் சூடாக்கி நிறுத்துங்கள். மிக்சர் ஸ்குறூவை இறுக்காமல் மெல்ல அடிவரை திருகி, இரண்டு சுற்று வெளியே எடுத்து, ஸ்டார்ட் பண்ணி, கால் கால் சுற்றாக மாற்றி றேஸ் அதிகம் நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். பிறகு ஐடிலை நிமிடத்துக்கு 1,400 சுற்று அளவுக்கு இறக்குங்கள். ஸ்குறூ இன்ஜின் பக்கம் இருந்தால் உள்ளே திருகக் கலவை மெலியும். எயார் பில்டர் பக்கம் இருந்தால் உள்ளே திருகக் கலவை கனக்கும், அதாவது பெற்றோல் கூடும். இதைக் கேட்டு முழிக்கும் ஆளிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

ரயரிலும் ஏமாற்று. கழற்றியது 100/90-17, போட்டது 120/80-17 (முதல் எண் மில்லிமீற்றரில் அகலம்). பார்க்க மொத்தமாக இருக்கும். ஆனால் பழைய ஒடுங்கிய றிம்மில் அதன் ஓரங்கள் உள்ளே இழுபட்டு, நடு மேடாகி அங்கேயே தேயும். விட்டமும் 12 மில்லிமீற்றர் கூட. செயின் கவரில் உரசாமல் இருக்கிறதா என்று சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். ரயரின் பக்கச்சுவரில் 1817 என்றும் அடித்திருந்தது. அதாவது 2017ஆம் ஆண்டின் 18ஆவது வாரத்தில் செய்த ரயர், புது விலைக்கு! பழசாகி இறுகிய ரப்பர் மாரிகால ஈரத் தார் றோட்டில் பிடிக்காது. பூட்ட முன் அந்த நாலு இலக்கத்தையும் அளவையும் நீங்களே பாருங்கள். சுழலும் திசை அம்புக்குறி இருந்தால் அதையும் பாருங்கள்.

கழற்றிய சாமானைக் கேட்டு வாங்குங்கள். பில்லில் ரயரின் அளவையும் அந்த நாலு இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஏமாந்திருந்தால் மூன்று மாதத்துக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977.