காரைக்குடியில் பணம் கட்டி தொண்டிப் பக்கம் கயாக் போகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் வந்து தங்குகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வரும். "செட்டிநாடு கடல் கயாக், முழு நாள், கைடு, பாதுகாப்புப் படகு, மீன் சாப்பாடு, அதிர்ஷ்டம் இருந்தால் கடல்பசு." கயாக் என்றால் துடுப்புப் போட்டு ஓட்டுகிற சின்னப் படகு. ஆளுக்கு 2,800 ரூபாய். செட்டிநாட்டில் ஏது கடல்? கடல் சீற்றத்துக்குப் பயந்து பூம்புகாரை விட்டு வந்து, வெள்ளம் ஏறாத உயரத்தில் வீடு கட்டிக்கொண்டவர்களின் ஊர் என்றுதான் இங்கே சொல்வார்கள். கடல் வேண்டுமென்றால் தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டிப் பக்கம்தான் போகவேண்டும். சரி, கூட்டிக்கொண்டு போனால் போதும் என்று நானும் நண்பனும் ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லி வைத்தோம். விளம்பரம் போட்டவர் முழுப் பணத்தையும் முன்னாலேயே ஜிபேயில் வாங்கிவிட்டார், அதுவும் ஒரு தனி ஆள் பெயரில் இருந்த கணக்குக்கு. ரசீது கேட்டால் "ஸ்கிரீன்ஷாட்தான் சார் ரசீது" என்றார்.

காலை 6 மணிக்குத் தண்ணீரில் இறங்குவதாகப் பேச்சு. வீட்டு வாசலுக்குக் கார் வந்ததே 8 மணிக்கு மேல். கரைக்குப் போய்ச் சேரும்போது பத்து. ஆடியில் அங்கே கச்சான் அடிக்கும். தென்மேற்குக் காற்று, அதாவது கரையிலிருந்து கடலைப் பார்த்து அடிக்கிற காற்று. விடியற்காலையில் அடங்கிக் கிடக்கும், வெயில் ஏற ஏற வேகம் எடுக்கும். கரையோரம் பார்த்தால் அலையே இல்லாமல் ஊருணி மாதிரி கிடக்கும், அதைப் பார்த்து யாருக்கும் பயம் வராது, துடுப்புப் போடாமலே கயாக் தானாக உள்ளே போகும், திரும்பி வரும்போதுதான் விஷயம் புரியும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் காலை வெயிலுக்கு முன்னால் போய்விட்டு வந்துவிடுவார்கள். பத்து மணிக்கு ஆளை இறக்குகிறவருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் கவலையில்லை.

கரையில் இருந்தது ஒரே ஒரு பையன். கைடு யார் தம்பி என்று நண்பன் கேட்டான். "கைடா? படகை எறக்கிவிடச் சொல்லி ஐந்நூறு ரூவா தர்றேன்னாங்கண்ணே, போன வாரத்துக் காசே இன்னும் வரல" என்றான். பாதுகாப்புப் படகு பற்றி அவனுக்கு யாரும் சொல்லவே இல்லை. பணம் வாங்கியவர் காரைக்குடியில், கயாக் யாரோ ஒருவருடையது, கூட வர ஆளே கிடையாது.

லைஃப் ஜாக்கெட்டில் மூன்று பக்கிளில் ஒன்றுதான் பூட்டியது. மற்ற இரண்டு இடத்திலும் நீல நைலான் கயிறு. அழுத்திப் பார்த்தால் உள்ளே இருந்த நுரை பொடிப்பொடியாக நகர்ந்தது. கயாக் இரண்டு பேர் உட்காரும் வகை, மேலே உட்கார்ந்து ஓட்டுவது. இதன் பின்பக்கம் உள்ளே புகுந்த தண்ணீரை வடிக்க ஒரு சின்ன மூடி இருக்கும். எங்களுடையதில் அந்த மூடி இருந்த இடத்தில் பாலித்தீன் கவரைச் சுருட்டித் திணித்து, மேலே எம்-சீல் அப்பியிருந்தார்கள். மூன்று பாகத்தில் ஒரு பாகம் அப்போதே பெயர்ந்திருந்தது. பையனிடம் காட்டினால் "நேத்துகூடப் போனாங்கண்ணே".

கொஞ்ச தூரம் போனதும் பின்பக்கம் கனக்க ஆரம்பித்தது. திருப்பினோம். இரண்டு பேரும் மூச்சு வாங்கத் துடுப்புப் போட்டும், கீழே தெரிந்த கடல்புல் அதே இடத்தில் நின்றது, அப்புறம் மெல்ல முன்னால் நழுவிப் போனது. நாங்கள் பின்னால் போகிறோம் என்று அர்த்தம். என் நண்பனுக்கு நீச்சல் அரைகுறை. வத்தை என்கிற மீன்பிடிப் படகில் வலை வாங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பார்த்துவிட்டு வந்து கயிறு கட்டி இழுத்தார். "ஆடிக் கச்சான்ல எவன்டா இதுல ஆளை ஏத்துனது" என்று கரை வரை திட்டிக்கொண்டே வந்தார், எங்களையும் சேர்த்துத்தான். கரையில் அந்தக் கவரைப் பிடுங்கி, தூக்கி நிறுத்தியபோது தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. காசு கொடுத்தோம், வாங்கவில்லை.

மீன் சாப்பாடு என்று வந்தது எலுமிச்சை சாதப் பொட்டலம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்துவிட்டது, மீன் இறங்குகிற ஊர், அங்கே எலுமிச்சை சாதம்! கடல்பசு கதையும் அப்படித்தான். பாக் விரிகுடாவில் 2022-இல் அறிவித்த 448 சதுர கிலோமீட்டர் கடல்பசுப் பாதுகாப்பகம் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடலில் இருக்கிறது. அங்கேயே அது லேசில் கண்ணில் படாது. விளம்பரத்தில் போட்டிருந்த அலையாத்திக்காட்டுப் படமும் பிச்சாவரத்தில் எடுத்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "கடல் நம்ம கையிலயா சார் இருக்கு" என்று ஒரு குரல்பதிவு. அடுத்த நாள் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரைக்குமான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போடலாம்.

அந்தப் பக்கம் கயாக் ஆசை இருந்தால் தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறை நடத்துவதை விசாரியுங்கள், இடைத்தரகர் வேண்டாம். யாரிடம் போனாலும் தண்ணீரில் கூட வரப்போகிறவரிடம் போனில் ஒருமுறை பேசிவிட்டுப் பணம் அனுப்புங்கள். கடலில் மாட்டினால் கடலோரக் காவல்படை எண் 1554. ஏற்கெனவே இவரிடம் முன்பணம் கட்டியவர்கள், அவர் பிளாக் செய்வதற்கு முன்னால் விளம்பரத்தையும் சாட்டையும் பணம் போன விவரத்தையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். சாட்டில் அவர் அனுப்பியதில் எனக்கு அந்தக் குரல்பதிவு மட்டும் தப்பித்தது, மற்றதை அவர் அழித்துவிட்டார்.