‘ஒரிஜினல் ஷார்ட் பெட்’ என்றார்கள்: பழைய செவி டிரக் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

1967 முதல் 1972 வரை வந்த செவர்லே (செல்லமாகச் ‘செவி’) சி10 பிக்கப் ஒன்றை ஆன்லைனில் பார்த்து, வேறு மாநிலத்து டீலரிடம் வாங்க நினைக்கிறீர்களா? பணத்தை அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு விற்ற கடையின் பெயரை எழுத முடியாது, வக்கீல் வேண்டாம் என்கிறார். எழுதினாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. அந்தக் கடையை விட்டு அடுத்த கடைக்குப் போவீர்கள், அங்கேயும் இதே வித்தை நடக்கலாம். அதனால் வித்தையை மட்டும் சொல்கிறேன்.

முதலில், இந்த வண்டி மேல் ஏன் இத்தனை பேருக்குப் பைத்தியம் என்று தெரிய வேண்டும். ஹூஸ்டன் பக்கம் ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வண்டிக்காரர்கள் கூடுகிற இடங்களுக்குப் போய்ப் பாருங்கள். மஸ்டாங், கமாரோ எல்லாம் பளபளவென்று நிற்கும். ஆனால் டெக்ஸஸ்காரர்கள் கூட்டமாகச் சுற்றி நிற்பது ஒரு சி10-ஐத்தான். அவர்கள் வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ஓட்டிய வண்டி அது. வைக்கோல் ஏற்றிய வண்டி, முதன்முதலாக ஸ்டியரிங் பிடித்த வண்டி. முழு நீள பெஞ்ச் சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். கதவின் முன்பக்கம் முக்கோணக் கண்ணாடி, நம் அம்பாசடரில் இருந்த மாதிரியே, திருப்பிவிட்டால் காற்று முகத்தில் அடிக்கும். பெட்ரோல் டேங்க் எங்கே இருக்கிறது தெரியுமா? கேபினுக்குள்ளேயே, சீட்டுக்குப் பின்னால்! பிரேக் போட்டால் முதுகுக்குப் பின்னால் பெட்ரோல் அலம்புவது கேட்கும். இன்றைக்கு எவனும் அப்படி ஒரு வண்டியைச் செய்யத் துணிய மாட்டான்.

அந்தக் காலத்து டிரக்குகளில் பின்பக்கம் பட்டை வில் போடுவதுதான் வழக்கம். செவர்லே இதில் சுருள் வில் போட்டது. வண்டியின் நடுப்பகுதியிலிருந்து பின் ஆக்சில் வரை இரண்டு நீண்ட கைகள் வந்து ஆக்சிலைப் பிடித்துக்கொள்ளும். இந்த அமைப்பு நன்றாக வேலை செய்ததால், அமெரிக்காவின் பெரிய கார் பந்தயமான நாஸ்காரின் கார்களே இதே மாதிரிக் கைகளைப் பல பத்தாண்டுகள் வைத்துக்கொண்டிருந்தன. பண்ணை வண்டியின் பின்சட்டம் பந்தயத்துக்குப் போன கதை இது. இதையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கும் ஆசை வந்தது. 1972-தான் வேண்டும் என்று நினைத்தேன். 1971-லிருந்து முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்துவிட்டது. முட்டைக் கூடை மாதிரி கிரில்லும் அந்த வருடம் வந்ததுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த டிரக் இரண்டு நீளத்தில் வந்தது. பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டியைத்தான் பெட் என்பார்கள். ஆறரை அடி பெட் கொண்ட ஷார்ட் பெட்டுக்கு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 115 அங்குலம். எட்டடி பெட் கொண்ட லாங் பெட்டுக்கு 127 அங்குலம். பாரம் ஏற்ற வாங்கியவர்கள் லாங் பெட் வாங்கினார்கள், அதனால் இன்று தோட்டத்து ஓரங்களில் கிடப்பதில் அதுதான் அதிகம். ஆனால் ரசிகர்கள் கேட்பது ஷார்ட் பெட். அழகு அதில்தான் என்பார்கள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஒரே வருடம், ஒரே நிலைமை என்றாலும் இரண்டுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். இந்த இடைவெளிதான் ஏமாற்றுக்காரனுக்குச் சோறு போடுகிறது.

லாங் பெட்டை ஷார்ட் பெட்டாக மாற்றுவது ஒன்றும் ரகசிய வித்தை இல்லை. வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை (சேஸிஸ்) அறுத்து, நடுவில் 12 அங்குலம் எடுத்து, வாலில் இன்னும் கொஞ்சம் எடுத்து, திரும்ப வெல்டு வைத்து, மேலே புது ஷார்ட் பெட் மாட்டிவிடுவார்கள். நல்ல வெல்டர் செய்து, செய்ததைச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்தவர்களே அப்படி வைத்திருக்கிறார்கள், சந்தோஷமாக ஓட்டுகிறார்கள். மறைத்து விற்பதுதான் திருட்டு.

எனக்கு வந்த விளம்பரம் இப்படி இருந்தது: 1972 செயென் சூப்பர், ஒரிஜினல் ஷார்ட் பெட், நம்பர்ஸ் மேட்சிங் 350 வி8, துருவே இல்லாத தெற்கத்தி வண்டி, 68 ஆயிரம் அசல் மைல். (350 என்பது கன அங்குலத்தில் இன்ஜின் அளவு. ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்றால் தொழிற்சாலையில் போட்ட அதே இன்ஜின்.) நூற்றுக்கு மேல் படங்கள். ஆரஞ்சும் வெள்ளையும், பார்த்தாலே மயக்கம் வரும். ஃபோனில் பேசியவர் தேனாகப் பேசினார். தன் தாத்தாவிடமும் இப்படி ஒன்று இருந்ததாம். (எல்லா டீலரின் தாத்தாவிடமும் ஒன்று இருந்திருக்கிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன்.) ஆளை அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றேன். தாராளமாக, அந்த ஊரிலேயே யாருக்கும் சாயாத ஒரு இன்ஸ்பெக்டர் இருக்கிறார் என்று நம்பரும் கொடுத்தார். அந்த இன்ஸ்பெக்டரின் அறிக்கை அழகாக வந்தது. உள்ளே, வெளியே, இன்ஜின் பேயில் எல்லாம் படம். வண்டிக்கு அடியில் மட்டும் ஒரே ஒரு படம், அதுவும் முன்பக்கத்திலிருந்து. ‘லிஃப்ட் கிடைக்கவில்லை’ என்று ஒரு வரி. டீலர் கை காட்டுகிற இன்ஸ்பெக்டர் டீலருக்குத்தான் வேலை செய்கிறார், கட்டணம் உங்கள் கையிலிருந்து போனாலும்.

41 ஆயிரம் டாலர், வயர் டிரான்ஸ்ஃபர். வண்டி டிரெய்லரில் வந்து இறங்கியது. ஸ்டார்ட் ஆனது, சத்தம் நன்றாக இருந்தது. தெருவே வந்து பார்த்தது.

பிரேக் கொஞ்சம் இழுக்கிறது என்று, எங்கள் பக்கம் பழைய செவி வண்டிகளே கதியென்று இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். எழுபது வயது தாண்டியவர், பேச்சு குறைவு. லிஃப்டில் ஏற்றி அடியில் போய் டார்ச் அடித்தார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கூப்பிட்டுக் காட்டினார். பின் பிரேக்குக்குப் போகிற இரும்புக் குழாய் நடுவில் வெட்டப்பட்டு ஒரு பித்தளை இணைப்பால் ஒட்டப்பட்டிருந்தது. ஹேண்ட்பிரேக் கேபிள் நீளம் அதிகமாகி, அதை ஒரு சுற்றுச் சுற்றி பிளாஸ்டிக் கட்டால் கட்டியிருந்தார்கள். சட்டம் முழுக்கத் துருப் பிடிக்காமல் அடியில் அடிக்கும் கறுப்புப் பூச்சு, அண்டர்கோட்டிங், தார் ரோடு மாதிரி கெட்டியாக. ஒரு இடத்தில் மட்டும் மற்ற இடங்களைவிட இரண்டு மடங்கு கனம். ஸ்க்ரேப்பரால் சுரண்டினார். உள்ளே வெல்டு கோடு, அதுவும் நேராக மேலிருந்து கீழே ஒரே வெட்டு, மேலே ஒரு தகடு. சில இடங்களில் வெல்டு உலோகத்துக்குள் இறங்கவே இல்லை, மேலாகப் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

‘இது பிறக்கும்போது நீளமாகப் பிறந்தது’ என்றார் அவர். குடும்பத்தோடு இதில் ஹைவேயில் போக வேண்டாம் என்றும் சொன்னார்.

சரி, இதை விளம்பரப் படத்திலிருந்தே கண்டுபிடிக்க வழி இருந்ததா என்றால், பாதி இருந்தது. சக்கர இடைவெளியை அளந்தால் 115-தான் வரும், அதில் ஒன்றும் தெரியாது. வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பரிலும் பெட் நீளம் கிடையாது. 1972 செவி டிரக்கின் எண் சிசிஇ142 என்கிற மாதிரி தொடங்கினால் செவர்லே, இரு சக்கர இயக்கம், வி8, அரை டன், பிக்கப், 1972 என்று தெரியும், அதற்கு அடுத்த எழுத்து எந்தத் தொழிற்சாலை என்று சொல்லும். அவ்வளவுதான். நீளத்தைச் சொல்வது கிளவ் பாக்ஸ் மூடியின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் காகித ஸ்டிக்கர். தொழிற்சாலையிலேயே ஒட்டியது. அந்த வண்டியில் என்னென்ன ஆப்ஷன் போட்டார்கள் என்பதோடு சக்கர இடைவெளியும் அதில் இருக்கும். 115 என்றிருந்தால் ஷார்ட், 127 என்றிருந்தால் லாங். என் வண்டியின் கிளவ் பாக்ஸ் மூடியே புதுசு. கேட்டதற்கு, ‘டெக்ஸஸ் வெயிலில் பேப்பர் உதிர்ந்து போவது சகஜம்தானே’ என்றார் டீலர். உதிர்வது உண்மைதான், பல நல்ல வண்டிகளிலும் ஸ்டிக்கர் இல்லை. அதனால்தான் அந்தப் பதில் நம்பும்படி இருக்கிறது. ஸ்டிக்கர் இல்லாத வண்டிக்கு ‘ஒரிஜினல் ஷார்ட் பெட்’ விலை கொடுக்க வேண்டுமானால், அண்டர்கோட்டிங் இல்லாத சட்டத்தை லிஃப்டில் பார்க்க வேண்டும். புதிதாக அண்டர்கோட்டிங் அடித்திருந்தால் ஏன் அடித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

இன்ஜின் கதை இன்னும் அழகு. 350-ம் 305-ம் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுதான். பெயின்ட், ஏர் கிளீனர் ஸ்டிக்கர், வால்வ் கவர் எல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும். வித்தியாசம் தெரிய, பிளாக்கின் பின்பக்கம், டிரைவர் பக்கமாக, கியர்பாக்ஸ் வந்து சேரும் விளிம்பில் வார்ப்பிலேயே இருக்கும் எண்ணைப் பார்க்க வேண்டும். இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டை (ஃபயர்வால்) ஒட்டி, எண்ணெய்ப் பிசுக்குக்குள் ஒளிந்திருக்கும். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து, துணியால் துடைத்தால்தான் தெரியும். 3970010 என்று இருந்தால் 350, அந்தக் காலத்தில் ஏராளமாக வந்த பிளாக். என் வண்டியில் இருந்தது 305-இன் எண். போதாக்குறைக்குப் பிளாக்கின் பக்கவாட்டில் 5.0 என்று லிட்டர் கணக்கும் வார்ப்பிலேயே இருந்தது. 350 என்றால் 5.7 லிட்டர். 305 இன்ஜினே 1976 மாடலில்தான் வந்தது, 1972 வண்டிக்குள் அது எப்படிப் பிறப்பிலிருந்தே இருக்கும்? நம்பர் எதோடு மேட்ச் ஆகிறது என்று நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். ‘நம்பர்ஸ் மேட்சிங்’ என்று யாராவது சொன்னால், பின்பக்க வார்ப்பு எண், முன்பக்கம் வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் குத்தியிருக்கும் எண், இரண்டையும் ஒரே வீடியோவில், வெட்டாமல், வின் பிளேட்டில் தொடங்கி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

துருவைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதனால் சுருக்கமாக: கேபினின் பின் மூலைகள், கதவுக்குக் கீழே ஓடும் ராக்கர், டிரைவர் காலடிப் பக்கத் தகடு. இந்த மூன்று இடத்திலும் காந்தத்தை வையுங்கள். என் வண்டியின் இடது மூலையில் காந்தம் நழுவிக் கீழே விழுந்தது. உள்ளே தகடு இல்லை, ஓட்டையை அடைக்கும் பசை, ஃபில்லர்தான்.

மைல் கணக்கைச் சொல்லவே வேண்டாம். அந்தக் கால ஓடோமீட்டரில் ஐந்து இலக்கம்தான், 99,999-க்கு அப்புறம் மறுபடி சைபர். இவ்வளவு பழைய வண்டிகளுக்கு ஓடோமீட்டர் உறுதிமொழி தர வேண்டும் என்று மத்தியச் சட்டமும் கேட்பதில்லை, பத்திரத்தில் விலக்கு என்று போட்டுவிடுவார்கள். ‘68 ஆயிரம் அசல் மைல்’ என்பதற்குப் பழைய சர்வீஸ் ரசீது இல்லையென்றால் அது வெறும் வாய்ப்பேச்சு.

இனி பணத்தைத் திரும்பக் கேட்ட கதை. முதல் பதில், ‘வண்டி எங்களுடையதே இல்லை, கன்சைன்மெண்ட்.’ உரிமையாளர் வேறு யாரோ, இவர்கள் இடம் கொடுத்து விற்றுக் கொடுத்தார்களாம், விளம்பரத்தில் உள்ளது உரிமையாளர் சொன்னதாம். உரிமையாளர் யார் என்றால் சொல்ல மாட்டார்கள். பெரிய ஷோரூம், நூறு வண்டி நிற்கிறது என்றால் அதெல்லாம் கடையின் சொத்து என்று நினைக்க வேண்டாம். முதலிலேயே கேளுங்கள்: இது உங்கள் பெயரில் உள்ளதா, கன்சைன்மெண்டா? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள்.

இரண்டாவது பதில், ‘அஸ் இஸ்’, அதாவது இருக்கிறபடியே வாங்கிக்கொண்டீர்கள் என்பது. டீலர்கள் பழைய வண்டியில் ஒட்ட வேண்டிய பையர்ஸ் கைடு என்று ஒரு தாள் உண்டு, நுகர்வோரைக் காக்கும் மத்திய அமைப்பான எஃப்டிசியின் விதி அது. எனக்கு வந்த கையெழுத்துக் கட்டில் அதுவும் இருந்தது, உத்தரவாதம் இல்லை என்கிற கட்டத்தில் டிக். பழுதான புது வண்டி வாங்கியவர்களுக்கான லெமன் சட்டம் பழைய வண்டிக்கு உதவாது. ஆனால் ‘அஸ் இஸ்’ என்பது கெட்டுப்போகும் பாகத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதுதான், தெரிந்தே பொய் சொல்லி விற்க அனுமதி இல்லை என்கிறார் வக்கீல். விளம்பரத்தை அன்றைக்கே படமெடுத்து வைத்திருந்தது இப்போது கை கொடுக்கிறது, ஏனென்றால் வண்டி விற்ற மறுநாளே பக்கத்தை எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவது சிக்கல் எங்கே வழக்குப் போடுவது என்பது. சிறு வழக்குகளுக்கான டெக்ஸஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் 20 ஆயிரம் டாலர் வரைதான் கேட்கலாம். அதைவிடப் பெரிது, விற்பனை ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: எந்தத் தகராறும் டீலரின் கவுண்டியில்தான் தீர்க்கப்பட வேண்டும். இந்த வரியைத் தேடிப் பாருங்கள், இருந்தால் அடித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

வண்டி இப்போது அந்தப் பெரியவரின் கொட்டகையில் இருக்கிறது. சட்டத்தை முழுதாகத் திறந்து மறுபடி வெல்டு வைக்க வேண்டும் என்கிறார். வழக்கு முடியும் வரை எதையும் தொடக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். போன மாதம் டீலரிடமிருந்து சமரசமாக ஒரு மின்னஞ்சல் வந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பினால் அவர்களே கன்சைன்மெண்டில் வைத்து விற்றுத் தருவார்களாம், கமிஷனிலும் எனக்குச் சலுகையாம். விளம்பரத்தில் என்ன எழுதுவீர்கள் என்று பதில் போட்டேன். பழைய விளம்பரமே இருக்கிறது, அதையே போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தார்கள். அந்த மின்னஞ்சலை அப்படியே வக்கீலுக்கு அனுப்பிவிட்டேன்.