மண்டபத்துக்கு வந்த குட்டி லேத்: எட்டு மாத அனுபவம்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் விசைப்படகு இன்ஜின் பார்ப்பது என் தொழில். உள்ளங்கையில் அடங்கும் 2.5 சிசி டீசல் இன்ஜின் ஒன்றை நானே கடைந்து, மாடல் விமானத்தில் பூட்டிப் பறக்கவிட வேண்டும் என்று பல வருட ஆசை. அதற்காகவே 82,000 ரூபாய் கொடுத்து இந்த மேசை லேத்தை (உலோகத்தைச் சுழற்றிக் கடையும் மிஷின்) வாங்கினேன்.

பெட்டியைப் பிரித்ததும் சக்கில், அதாவது கடையும் துண்டைக் கவ்விச் சுழற்றும் பிடியில், கம்பியைப் பிடித்து, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் வைத்தேன். முள் 0.08 மி.மீ. ஆடியது. படகு வேலைக்கு இது ஓடிவிடும், 14 மி.மீ. லைனருக்கு (பிஸ்டன் ஓடும் குழாய்) ஆகவே ஆகாது. விற்றவரிடம் கேட்டால், "எல்லா மிஷினும் அப்படித்தான் சார் வரும்" என்றார். அந்தப் பதில் இன்னும் மனதில் உறுத்துகிறது. கடைசியில் நாலு ஜா (கவ்வும் தாடை) சக்கு தனியாக வாங்கி, ஜா ஜாவாகத் திருகி சென்டர் பிடித்தேன். டூலைக் குறுக்கே நகர்த்தும் கிராஸ் ஸ்லைடின் ஜிப்பும் (ஆட்டத்தை எடுக்கும் பட்டை) தொளதொள. அதை இறுக்கி சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

அதற்குப் பிறகு மிஷின் தங்கம். இன்ஜினின் அலுமினியம் உடலான கிராங்க்கேஸை மண்ணெண்ணெய் தொட்டுத் தொட்டுக் கடைந்தேன். டூல் முனையில் ஒட்டாமல் சுருள் வழுக்கிக்கொண்டு வந்தது.

உண்மையான பரீட்சை பிஸ்டன்தான். இந்தச் சின்ன இன்ஜினில் ரிங் கிடையாது. காஸ்ட் அயர்ன் பிஸ்டன் லைனரோடு நேரே உரசி கம்ப்ரஷனைப் பிடிக்க வேண்டும். கிராஸ் ஸ்லைடு கைப்பிடி டயலில் ஒரு கோடு 0.02 மி.மீ., அதாவது இரு பக்கமும் சேர்த்து விட்டத்தில் 0.04 போய்விடும். அது ரொம்ப அதிகம். அதனால் அதன் மேல் இருக்கும் டாப் ஸ்லைடை, பெட்டின் (லேத்தின் நீள அடித்தளம்) நீளத்துக்கு 5.7 டிகிரி சாய்த்தேன். இப்போது டாப் ஸ்லைடு டயலில் அதே ஒரு கோட்டுக்கு டூல் உள்ளே போவது 0.002 மட்டுமே. ஜிப் இறுக்கமாக இருந்தால் இந்த லேத் அந்த அளவுக்கும் சொன்னபடி கேட்கிறது. மீதியை லேப்பிங் (நுண்பொடி வைத்துத் தேய்ப்பது) பார்த்துக்கொண்டது. முடிந்ததும் எண்ணெய் தொட்டு பிஸ்டனை லைனருக்குள் விட்டேன்: முக்கால் தூரம் லேசாக ஏறி, உச்சியில் மட்டும் இறுகி நின்றது. அந்த இறுக்கத்தைக் கையில் உணர்ந்தபோது கண் கலங்கிவிட்டது.

ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றையும் எரிபொருளாகச் சமபங்கு ஊற்றி, கம்ப்ரஷனைக் கூட்டும் தலைத் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி விசிறியைச் சுண்டினேன். அரை மணி நேரம் கழித்து இன்ஜின் பிடித்தது. விமானம் இன்னும் பாதியில் நிற்கிறது.

கடலோரத்தில் இருப்பவர்கள் வாங்கினால் ஒன்று கவனியுங்கள். வாடைக்காற்று அடித்த ஓர் இரவு எண்ணெய் தடவாமல் விட்டேன். காலையில் பெட் முழுக்க செம்புள்ளி. இப்போது கடைசிச் சுருளைக் கூட்டியதும் எண்ணெய்த் துணியால் துடைத்து, போர்வை போட்டு மூடிய பிறகே சாப்பிடப் போகிறேன்.