ஆரம்பநிலை முதலீட்டு வகுப்பில் சேரப்போகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

முதலீட்டைப் பற்றி எதுவுமே தெரியாதவர்களுக்கான வகுப்பு என்று விளம்பரம் செய்து ஆள் சேர்த்த ஒரு கூட்டம் என்னிடம் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றியது. பெயரைச் சொல்லவில்லை. ஏனென்றால் இதே பாணியில் பலர் கடை விரித்திருக்கிறார்கள். பெயரைவிட, அவர்கள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் உங்களைக் காப்பாற்றும்.

முதல் வகுப்பு இலவசம். அது நன்றாகவே இருந்தது. கூட்டு வட்டி, பணவீக்கம் எல்லாம் புரியும்படி சொன்னார்கள். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று தோராயமாகத் தெரிந்துவிடும். 6 சதவீதம் என்றால் 12 ஆண்டு. சரி, விஷயம் தெரிந்தவர்கள்தான் என்று எல்லோருக்கும் நம்பிக்கை வந்தது. கட்டண வகுப்புக்குள் போனதும் அதே கணக்கைத் திரையில் போட்டு, “12 ஆண்டு யார் காத்திருப்பது?” என்று கேட்டார்கள். அதற்கு அப்புறம் பேச்சு முழுக்க தினசரி வர்த்தகம்தான் (பங்குகளை அன்றே வாங்கி அன்றே விற்பது), அதுவும் அவர்கள் சொல்லும் செயலியில்தான். நாம் அதில் கணக்குத் தொடங்கினால் அவர்களுக்குக் கமிஷன் உண்டு என்பது விதிமுறைகளின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. வகுப்பில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

அவர்கள் காட்டிய லாப அட்டவணையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஓர் ஆண்டில் 60 சதவீத லாபம், அடுத்த ஆண்டில் 40 சதவீத நட்டம். கீழே தடித்த எழுத்தில் “ஆண்டுச் சராசரி 10 சதவீத லாபம்”. 60-லிருந்து 40-ஐக் கழித்து இரண்டால் வகுத்தால் 10 வருவது உண்மைதான். ஆனால் பணத்தைப் போட்டுப் பாருங்கள். 100 முதலில் 160 ஆகிறது. அதில் 40 சதவீதம் போனால் மிஞ்சுவது 96. கைக்காசில் 4 குறைந்திருக்கிறது, அட்டவணையோ லாபம் என்கிறது! என்னோடு படித்த ஒருவர் குழுவில் இதைக் கேட்டார். பதில் வரவில்லை, சற்று நேரத்தில் அவரையே குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். பாடம் நடத்துகிறவர் கேள்விக்குப் பயந்தால் அங்கே நடப்பது பாடம் அல்ல, வியாபாரம்.

பிறகு லெவரேஜ், அதாவது கடன் பணத்தையும் சேர்த்து வர்த்தகம் செய்வது. “உங்கள் பணத்தைப் போல 10 மடங்குக்கு வாங்கலாம்” என்றார்கள். விலை 10 சதவீதம் இறங்கினாலே நாம் போட்டது மொத்தமும் போய்விடும் என்பதைச் சொல்லவே இல்லை. ஆரம்பநிலை மாணவர்களிடம் இதை மறைத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

செலவுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஆண்டுக்கு 7 சதவீதம் வளர்ந்தால் 100 என்பது 30 ஆண்டில் சுமார் 760 ஆகும். கட்டணமாக ஆண்டுக்கு 2 சதவீதம் போய், 5 சதவீதம்தான் கையில் நின்றால் சுமார் 430. முதலீட்டின் அடிப்படை என்றால் இதுதானே முதலில் வரவேண்டும்? அவசரத்துக்கு ஒதுக்கும் பணம், அதிக வட்டிக் கடனை முதலில் அடைப்பது, பணத்தைப் பிரித்துப் போடுவது, இவையும் பாடத்தில் கிடையாது.

“மாதம் தவறாமல் லாபம்” என்று யாராவது சொன்னால் அங்கேயே நில்லுங்கள். 1920-இல் அமெரிக்காவில் சார்லஸ் பொன்சி என்ற மோசடிக்காரர் 45 நாளில் 50 சதவீதம் என்று ஆசை காட்டினார். அதைக் கேட்டால் இன்று பலருக்குச் சந்தேகம் வந்துவிடும். பின்னாளில் வந்த இன்னொரு அமெரிக்க மோசடிக்காரர் பெர்னார்ட் மேடாஃப் அப்படி ஆசை காட்டவில்லை. அடக்கமான லாபத்தை ஆண்டுக்கணக்கில் ஏற்ற இறக்கமே இல்லாமல் காட்டினார்; 2008-இல்தான் குட்டு உடைந்தது. சந்தை ஏறும், இறங்கும். ஒருவரின் கணக்கு மட்டும் இறங்கவே இல்லை என்றால் அதை நம்பாதீர்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். “எல்லாப் பயிற்சிகளையும் முடித்தவர்களுக்குத்தான் ரீஃபண்ட்” என்றார்கள். அந்தப் பயிற்சிகளில் ஒன்று, அவர்களுடைய செயலியில் சொந்தப் பணம் போட்டு வர்த்தகம் செய்வது.

ஏற்கெனவே சேர்ந்திருந்தால், மேற்கொண்டு பணம் போடாமல், போட்டதை எடுக்க முடிகிறதா என்று உடனே பாருங்கள். “வரி கட்டினால்தான் எடுக்கலாம்” என்று முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உரையாடல்களையும் ரசீதுகளையும் சேமித்துவைத்து, வங்கியிலும் உங்கள் நாட்டுப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பிலும் புகார் கொடுங்கள். அப்புறம், “இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் முதலில் அனுப்புங்கள்” என்று ஒரு அழைப்பு வரலாம். எனக்கு வந்தது. அதுவும் மோசடிதான், துண்டித்துவிடுங்கள்.